திரும்பி வருகிறவருக்கான பம்பரம்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி தாண்டினால் நீடாமங்கலம். கரிகாலன் போரிட்ட வெண்ணி இன்று வயலுக்கு நடுவே ஒரு சிறிய நிலையம். அடுத்த நிலையமோ சந்திப்பு. இங்கிருந்து மன்னார்குடிக்குக் கிளைப் பாதை பிரிகிறது. நெடுங்காலம் ரயில் ஓடாமல் கிடந்து 2011இல் மறுபடி உயிர்பெற்ற பாதை அது. ரயில் பாதையை நாகப்பட்டினம் நெடுஞ்சாலை வெட்டிப் போவதால், கேட் அடைத்தால் லாரியும் பேருந்தும் ஊர் நீளத்துக்கு நிற்கும். தண்ணீரும் இங்கே வந்துதான் பிரிகிறது: மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்று வழி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் தன் துணைவி யமுனாம்பாள் பெயரில் சத்திரம் கட்டியதும் வழிப்போக்கரை எண்ணித்தான். யமுனாம்பாள்புரம் என்பது ஊரின் பழைய பெயர்களில் ஒன்று. இப்படி ஒருமுறை கடந்துபோகிறவர்களின் ஊராக இருக்கும் நீடாமங்கலம், சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அன்றாடக் கடைத்தெருவும்கூட. இனி பார்க்கவே வாய்ப்பில்லாத வாடிக்கையாளரும், நாளைக் காலையிலேயே வந்து நிற்கப்போகிற வாடிக்கையாளரும் ஒரே கடை வாசலில் நிற்கும் ஊர் இது. சரக்கின் தரம் எதனால் நிலைக்கிறது என்று யோசிக்க இந்த வழியாக ஒரு பயணம் போதும். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சரக்கு, கடைத்தெருவிலேயே மலிவானவற்றுள் ஒன்றான பம்பரம்.

நான் சொல்ல வருவது இதுதான். பம்பரம் நன்றாக இருந்த காலத்தில் அதை நன்றாக வைத்திருந்தவர்கள் அதை ஆடிய பிள்ளைகள். கடைசல்காரரின் கைத்திறனுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் திறனை மழுங்காமல் பார்த்துக்கொண்டது, குறை கண்டுபிடிக்கத் தெரிந்த, குறையோடு திரும்பி வந்து நிற்கக்கூடிய ஒரு கூட்டம். அந்தக் கூட்டம் கலைந்த இடத்தில் பம்பரம் கெட்டது. முத்திரை, தடை, வரி, சான்றிதழ் என்று இன்று நாம் செய்கிற எதுவும் அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக எனக்குத் தெரியவில்லை.

பம்பரத்தின் தரம் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான பொம்மைகள் தங்கள் குறையை ஒளித்துவைக்க முடியும், பம்பரத்தால் முடியாது. கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கட்டையில் கடைந்தால் அது காயக் காய ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்கும். உருண்டையாக இருந்தது முட்டையாகும், ஆணியும் தளரும். இழை நெருக்கமான மரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் குத்திலேயே பிளந்துவிடும். கொய்யாக் கட்டைக்குப் பிள்ளைகளிடம் இருந்த மதிப்புக்கு அதுவே காரணம். ஆணி நட்ட நடுவில் இறங்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பம்பரம் தரையில் நில்லாது, குதித்துக் குதித்து ஓடும். எடை அச்சைச் சுற்றிச் சீராகப் பரவியிருந்தால்தான் அது ஓரிடத்தில் அசையாமல் நின்று சுற்றும். அந்த நிலையைப் பிள்ளைகள் 'தூங்குது' என்பார்கள். சாட்டையைச் சுற்றி வீசிய பத்து நொடிக்குள் இவ்வளவும் தெரிந்துவிடும், அதுவும் எல்லார் கண் முன்னாலும். உள்ளங்கையில் ஏற்றிப் பார்த்தால் அதிர்வு தோலிலேயே தெரியும். வாங்கியவருக்கு இத்தனை விரைவில், இத்தனை வெளிப்படையாகத் தீர்ப்பு சொல்லும் சரக்கு கடைத்தெருவில் வேறு உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன், எளிதில் அகப்படவில்லை.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு விலையைப் பற்றியது. இரண்டு டீக்கு ஆகும் காசில் வாங்குகிற பொருளுக்கு வாடிக்கையாவது, விசுவாசமாவது. உடைந்தால் இன்னொன்று வாங்கிப் போகிறான் பையன் என்பார்கள். விலையை மட்டும் பார்த்தால் இது சரி. ஆனால் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். வட்டம் போட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் வீசுகிறார்கள். சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் தூக்கி முதலில் அபீட் எடுத்தவன் தப்பித்தான். கடைசியில் எடுத்தவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதன்மேல் குத்துவார்கள். ஆட்டம் முடிந்து தோற்ற பம்பரத்துக்கு ஆக்கர் விழும்போது, வெற்றி பெற்றவனின் ஆணி முனை கட்டையில் பள்ளம் பறிக்கும். நல்ல கட்டை வடுக்களோடு பிழைக்கும். சொத்தைக் கட்டை இரண்டாகப் பிளக்கும். பெயர்களும் விதிகளும் ஊருக்கு ஊர் மாறும், பணயம் மாறாது. பணயமாக வைக்கப்படுவது காசு கிடையாது, சேக்காளிகள் முன்னால் உள்ள மானம். ஆகவே, எந்தக் கடையில் வாங்கினால் ஆணி நடுவில் இருக்கும், யார் கடைந்த கட்டை பிளக்காது என்பது தெருவுக்கே மனப்பாடமாக இருந்தது. கடையில் வந்த மொண்ணை ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கொல்லர் பட்டறையில் வேறு ஆணி இறக்கியவர்களும், நசுக்கிய சோடா மூடியைச் சாட்டையின் நுனியில் கோத்து விரலுக்குப் பிடிமானம் செய்துகொண்டவர்களும் வெறும் நுகர்வோர் இல்லை. சரக்கைப் பாதி தாங்களே செய்து முடித்தவர்கள். விலை எவ்வளவு என்பதைவிட, தோற்றால் என்ன போகும் என்பதே ஒருவரைத் தரத்தின்மேல் கண் வைக்கச் செய்கிறது.

இந்தக் கூட்டத்தின் பெரிய குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. பெண் பிள்ளைகளை அது பெரும்பாலும் வட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. ஆடக்கூடியவர்களில் பாதியை வெளியே தள்ளிய விளையாட்டு, பிறகு ஆளில்லாமல் மெலிந்ததில் வியப்பில்லை.

இப்போது அதே பம்பரத்தைத் திருவிழாக் கடையில் வைத்துப் பார்க்கலாம். நீடாமங்கலத்திலிருந்து கிளை ரயில் போய்ச் சேரும் மன்னார்குடியில், இராஜகோபாலசுவாமி கோயிலின் பங்குனிப் பெருவிழா 18 நாள் நடக்கும். வெண்ணெய்த்தாழிக்குத் திரளும் கூட்டம் டெல்டா முழுவதும் அறிந்தது. பக்கத்து ஆலங்குடியில் குருப்பெயர்ச்சிக்கு வெளியூர்க் கூட்டம் நிரம்பும். திருவிழாக் கடைக்காரர் தேருக்கு வருகிறார், கொடி இறங்கியதும் போகிறார். அவரிடம் வாங்கிய பம்பரம் மறுநாள் குதித்தால் அதை எடுத்துக்கொண்டு போய் நிற்க அவர் இருக்கமாட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல கட்டைக்குக் கூடுதல் விலை கேட்டால், அது நல்ல கட்டை என்று நம்ப அந்த அவசரக் கூட்டத்தில் யாருக்கும் காரணமில்லை. பளபளப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அவர் பளபளப்பை விற்கிறார். பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையில் பழைய கார்ச் சந்தையை வைத்து இதைத்தான் விளக்கினார்: வாங்குகிறவரால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத சந்தையில், நல்ல சரக்குக்குரிய விலை கிடைக்காமல் நல்ல சரக்கே வெளியேறிவிடும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் அந்த விதி செல்லாது. அங்கே பிரித்தறிகிறவர்கள் நான்கு மணிக்கு மணி அடித்ததும் வந்துவிடுவார்கள். ஒரு நாள் தவறான கட்டையை விற்றுவிட்டால், மறுநாள் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். அல்லது பத்துப் பேரும் வேறு கடைக்குப் போவார்கள்.

பயணம் தொடங்கிய தஞ்சாவூரிலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. தலையாட்டி பொம்மையும் பம்பரத்தைப் போல எடையின் சூட்சுமத்தில் வாழ்கிற பொம்மைதான்: அடியில் உருண்டையான கனம், மேலே லேசான உடம்பு, எப்படிச் சாய்த்தாலும் எழும். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு ரயிலுக்கோ பேருந்துக்கோ ஓடுகிற பயணி வாங்குவது பெரும்பாலும் ஒரு நினைவுப் பொருள். அதன் வண்ணம் ஒரு வருடத்தில் உரிந்தாலும் அவர் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை. களிமண்ணும் காகிதக்கூழும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நுழைந்தபோது தடுத்துக் கேட்க ஆளில்லை. கொலு வைக்கும் வீடுகள் மட்டும் வேறு வகை. ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து பொம்மையை எடுத்துப் படியில் வைக்கிறவர்களுக்கு எந்த வண்ணம் மங்கியது, எந்த மூக்கு உதிர்ந்தது என்பது தெரியும். அடுத்த நவராத்திரிக்குப் புதுப் பொம்மை வாங்கப் போகும்போது அந்த அறிவும் கூடவே போகிறது. குறியீடு செய்பவரைக் காக்கிறது, போலியைத் தடுக்க வழக்குப் போட வழி தருகிறது. நல்லதைக் கேட்டு வாங்கும் கண்ணை அதனால் தர இயலாது.

வாங்குகிறவர் பெரிய கலைஞராகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆடுதுறைப் பக்கத்து நரசிங்கம்பேட்டை சாட்சி. நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். அதுவும் பழைய வீடுகளில் காலம் காலமாகக் காய்ந்து இறுகிய மரம். அதைக் கடைந்து துளையிடும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பம்பரம் கடைவதும் நாதஸ்வரம் கடைவதும் அடிப்படையில் ஒரே தொழில், சுழலும் கட்டையில் உளியை வைத்துப் பிடிக்கும் நிதானம்தான். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, திமிரி என்ற குட்டை நாயனத்தின் உச்ச சுருதி ஒத்துவராமல், தாழ்ந்த சுருதியில் நீண்ட பாரி நாயனம் வேண்டும் என்று கேட்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். இன்று கச்சேரிகளில் ஒலிப்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே வித்வான்களின் காதுகள் அந்த ஊர்ப் பட்டறைகளுக்குச் சான்று கொடுத்துவிட்டன. தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையை உலகுக்குத் தந்த நீடாமங்கலத்தில் இதைச் சொன்னால் யாரும் வியக்கமாட்டார்கள். தோலின் இழுப்பு ஒரு மயிரளவு குறைந்தாலும் தெரிந்துகொள்ளும் வாடிக்கையாளர் இருக்கும்போது, செய்பவரால் அசட்டையாக இருக்க முடியாது.

அப்படியானால் பம்பரத்தின் வித்வான்கள் எங்கே போனார்கள்? தொலைக்காட்சி வந்தது, கிரிக்கெட் வந்தது, கைப்பேசி வந்தது, பிள்ளைகளின் மனம் மாறிவிட்டது, இதில் தரம் எங்கே வருகிறது என்பது வலுவான மறுப்பு. மனம் மாறியது உண்மை. மாறிய வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர், அதுவும் 1970இல், நைஜீரியாவின் ரயில்வேயை வைத்து ஒரு கேள்வி எழுப்பினார். லாரிகள் போட்டிக்கு வந்த பிறகும், நிலக்கடலையைத் தொலைதூரத் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்ல வாய்ப்பிருந்தும், அந்த ரயில்வே ஏன் திருந்தவில்லை? அவர் கண்ட விடை: சேவையைப் பற்றி அக்கறைப்பட்டு உரக்கப் பேசக்கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பம்பரத்துக்கும் இதுதான் நடந்தது என்பது என் துணிபு. நன்றாக ஆடத் தெரிந்த பெரிய பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு முதலில் போனார்கள். அவர்களோடு, நல்ல கட்டையைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் அறிவும் போனது. மிஞ்சிய சிறுவர்களுக்கு எந்தப் பம்பரமும் பம்பரம்தான். கடைக்காரர் பிளாஸ்டிக்கை இறக்கினார். அது சரியாகத் தூங்காது, குத்துத் தாங்காது, ஆக்கர் போட அதில் ஒன்றுமில்லை. அதை வாங்கிய பிள்ளை, பம்பரம் என்றாலே சலிப்பான விளையாட்டு என்று முடிவு கட்டியது. மனம் மாறியதால் தரம் கெட்டது, தரம் கெட்டதால் மனம் இன்னும் மாறியது.

பிள்ளைகளுக்குச் சுழலும் பொருள்மேல் ஆசை செத்துவிடவில்லை என்பதை ஜப்பான் காட்டியது. பேகோமா என்ற வார்ப்பிரும்புச் சிறு பம்பரத்தை மோதவிடுவது அந்நாட்டுத் தெருப் பிள்ளைகளின் பழைய ஆட்டம். அதையே அடிப்படையாக வைத்து 1999இல் டகாரா நிறுவனம் பேபிளேடை இறக்கியது. அது உலகத்தைச் சுற்றி வந்து, 2023இல் பேபிளேடு எக்ஸ் என்று அடுத்த தலைமுறையும் கண்டுவிட்டது. கார்ட்டூன் விளம்பரத்தால் வந்த வெற்றி என்று ஒதுக்குவது எளிது. கார்ட்டூன் வாங்க வைக்கும். ஆண்டுகள் தாண்டி ஆட வைக்காது. அந்தப் பம்பரத்தைக் கழற்றலாம், முனையை மாற்றலாம், கனமான வளையத்தைப் போடலாம், மோதவிட அரங்கம் உண்டு, போட்டிகள் உண்டு. கொல்லர் பட்டறையில் ஆணி மாற்றிய நம் பையன் செய்ததைத்தான் அவர்கள் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். வட்டத்தைச் சுற்றி நின்ற நீதிபதிகளையும் சேர்த்து மீட்டெடுத்தார்கள்.

அமெரிக்காவின் டங்கன் நிறுவனத்தை எதிர்ச் சான்றாகக் காட்டலாம். யோ-யோவை அது ஊர் ஊராக விற்ற விதம் அருமையானது. பிலிப்பைன்ஸ் நாட்டு வித்தைக்காரர்களை அனுப்பித் தெருமுனையில் ஆட்டக் கலையைக் கற்றுக்கொடுத்தார்கள், போட்டி வைத்தார்கள். ஆடத் தெரிந்த வாடிக்கையாளரை அவர்களே உண்டாக்கினார்கள். ஆனாலும் யோ-யோ என்பது பொருளுக்கான பொதுப்பெயராகிவிட்டது, ஒரு நிறுவனத்துக்கு உரிமையில்லை என்று 1965இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனமும் நொடித்துக் கைமாறியது. தரமும் வாடிக்கையும் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். நிறுவனத்தைக் காப்பாற்றவில்லைதான். யோ-யோவைக் காப்பாற்றின; இன்றும் அதை ஆடுகிறார்கள், இன்றும் டங்கன் என்ற பெயரிலேயே விற்கிறது. நம் பம்பரத்துக்கு என்றுமே நிறுவனப் பெயர் இருந்ததில்லை. ஆகவே நான் கவலைப்படும் விசுவாசம் ஒரு பெயரின்மேல் வைக்கிற விசுவாசம் அன்று. இன்ன பட்டறை, இன்ன கட்டை என்று கையறிந்து வைத்த நம்பிக்கை.

அரசு பொம்மைத் தொழிலுக்காக நிறையவே செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் சன்னபட்னா, கொண்டப்பள்ளியோடு தஞ்சாவூரையும் பொம்மைக்குப் பேர்போன ஊராகக் குறிப்பிட்டார். அதே ஆண்டு இறக்குமதிப் பொம்மைகளின் சுங்க வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் பொம்மைக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. இறக்குமதி பாதிக்கு மேல் குறைந்தது, ஏற்றுமதி பெருகியது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வண்ணத்தில் ஈயம் இருக்கிறதா என்பதை எந்தப் பையனாலும் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே ஆய்வகமே வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கேட்டுக்கு முத்திரை, அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆந்திரத்தின் பொம்மை ஊரான எட்டிகொப்பாகாவில் சி.வி. ராஜு தாவரச் சாயங்களுக்குத் திரும்பியதும், சன்னபட்னாவின் அரக்குப் பூச்சும் நகரத்துப் பெற்றோரிடம் மதிப்புப் பெற்றது இந்த அக்கறையால்தான். பாலை மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய அந்த விரல் பம்பரங்கள் கண்ணுக்கு அழகு, கைக்கு வழவழப்பு, வாயில் வைத்தாலும் பயமில்லை. வாங்குகிறவர் தாயும் தகப்பனும்; அவர்கள் எதைத் தேடத் தெரிந்தவர்களோ அந்தத் தரம் அங்கே நிலைத்திருக்கிறது. ஆனால் ஆணி நடுவில் இருக்கிறதா, கட்டை காய்ந்ததா, குத்துத் தாங்குமா என்பதை அந்த முத்திரை கேட்பதில்லை. கூர்முனையை ஆபத்தாகவே பார்க்கும் பாதுகாப்பு விதிக்கு, கூர் ஆணி பாய்ச்சிய தெருப் பம்பரம் ஒரு சங்கடம். பதிவேட்டில் பெயரில்லாத கிராமத்துக் கடைசல்காரருக்கு இதில் எந்த வாசல் திறக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

நீடாமங்கலம் பக்கம் இந்தக் கேள்விக்குப் பருவமும் நிலமும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். பம்பரத்துக்குக் கெட்டித் தரை வேண்டும். டெல்டாவில் அது தை அறுவடைக்குப் பிறகுதான் கிடைக்கும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தாண்டி மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டால் நிலம் சேறாகத் தொடங்கும். நடுவே இருக்கிற நாலைந்து மாதத்தில் கோடை விடுமுறையும் அடங்குகிறது. ஆட்டத்துக்கு இயல்பாக அமைந்த காலம் இது. ஆனால் தெரு வாகனத்துக்குப் போய்விட்டது. நெல் காயவைக்கும் களம் அறுவடை முடிந்தபின் சும்மா கிடக்கிறது. ஊராட்சி அந்தக் களத்தில் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டால், பள்ளிகள் ஆண் பெண் இரு பாலருக்கும் சேர்த்து ஊருக்கு ஊர் போட்டி வைத்தால், பரிசுப் பணத்தைவிட முக்கியமான ஒன்று நடக்கும்: கட்டிற்காலும் மாடிக் கைப்பிடியும் கடைந்துகொண்டிருக்கிறவரிடம் ஒரு பள்ளி இருநூறு பம்பரம் கேட்கும். அவர் முதல் தடவை சுமாராகத்தான் செய்து தருவார். அதில் எத்தனை குதித்தது, எத்தனை பிளந்தது என்பதைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் சொல்ல வேண்டும்; வாத்தியாரோ அலுவலரோ இடையில் நின்று அவர்களுக்காகப் பேசக்கூடாது. இரண்டாம் தடவைக்குக் காய்ந்த கட்டையைத் தேடி அவர் மர அறுவை மில்லுக்குப் போவார். சரியான கட்டைக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால், கொடுக்கலாமா வேண்டாமா என்று பிள்ளைகள் தங்களுக்குள் விவாதித்து முடிவு செய்யட்டும்.